பைண்டிங் இல்லாத பவுடர் சர்ஃப் பலகை: 150 டாலருக்குள் என்ன வழி?

புதுப்பனி

இருப்பது கால்கரியில். ஸ்னோபோர்டு ஓட்டத் தெரியும். பைண்டிங்கில் காலைப் பூட்டிக்கொள்ளாமல் பவுடரில் (இறுகாத புதுப்பனியில்) சறுக்க ஒரு பலகை வேண்டும். கடைப் பலகைகள் 400, 500 டாலருக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கின்றன. என் கணக்கு 150. இப்போது கண்ணில் படுபவை: வீட்டில் கிடக்கும் பழைய 158 செ.மீ. கேம்பர் (நடுப்பகுதி மேலெழும்பிய) ஸ்னோபோர்டு, 40 டாலருக்கு ஒரு பழைய வேக்போர்டு, ஒரு ஸ்கிம்போர்டு. இல்லாவிட்டால் பிளைவுட் வாங்கி நானே செய்வது. எடை 74 கிலோ, ஷூ 9. கராஜில் ஜிக்சா, சாண்டர், 8 கிளாம்ப் உண்டு. எதில் கை வைக்கலாம்?

கூட்டெனே_வாசி

ஸ்கிம்போட்டை விடுங்கோ. அதின்ரை மூக்கு 3, 4 செ.மீ. தான் எழும்பும். ஈர மணலுக்கு அது காணும், 30 செ.மீ. புதுப் பனிக்குள்ளை நேராக் குத்திப்போடும். வேக்போட் மிதக்கும், ஆனால் நுனியிலை இருந்து வால் மட்டும் ஒரே வளைவு. தட்டையான இடம் குறைவு எண்டபடியால் வேகம் பிடிக்காது, சரிவு கொஞ்சம் குறைஞ்ச உடனை நிண்டுபோகும். 40 டாலரை அதிலை போடாதேங்கோ.

பழைய ஸ்னோபோட் இருக்குத்தானே, முதலில் அதைப் பாவிச்சுப் பாருங்கோ. ஆனால் பைண்டிங்கைக் கழட்டிப்போட்டு வெறுமனே ஏறி நிண்டால் சரிவராது. கேம்பர் போட்டிலை மூக்கும் வாலும் பனியை அழுத்தும், திரும்பேக்கை விளிம்பு கொழுவும். கால் பூட்டியிருந்தால் அதை அடக்கலாம். பூட்டு இல்லாட்டி போட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதுக்குத்தான் பூட்டில்லாமல் ஓடுற நோபோட் முறையிலை மூக்கிலை ஒரு கயிறும், காலடியிலை தடிச்ச பேடும்.

செய்யிற விதம் இதுதான். பைண்டிங் துளை எல்லாத்தையும் எம்6 திருகாணி போட்டு அடையுங்கோ, திறந்து விட்டால் பனி உள்ளுக்கை போய் ஐஸ் கட்டி பேடைக் கிளப்பும். திருகாணி 8 மி.மீ.க்கு மேலை வேண்டாம். நீளமானது அடித்தட்டிலை போய் முட்டி வெளியிலை கொப்புளம் மாதிரித் தள்ளும், பிறகு அந்த இடம் தேயும். மூக்கு நுனியிலை இருந்து 5 செ.மீ. உள்ளுக்கை 10 மி.மீ. துளை, உள்ளே தெரியிற மரத்துக்கு இபொக்சி பூசிக் காயவிடுங்கோ. 8 மி.மீ. கயிறு, நிமிர்ந்து நிக்கேக்கை இடுப்பு மட்டும் வந்து கொஞ்சம் தொய்வாய் இருக்கவேணும். கையிலை சுத்திக் கட்டவே கூடாது, பிடிக்க மட்டும் ஒரு முடிச்சு. மூக்குப் பக்கமும் வால் பக்கமும் 30 செ.மீ.க்கு இரும்பு விளிம்பை அரத்தாலை மழுக்கிவிடுங்கோ.

பேட், கயிறு, திருகாணி எல்லாம் சேர்த்து 40, 50 டாலருக்குள்ளை முடியும். ஆழமான பனியிலை நல்லா ஓடும், 20 செ.மீ. பனியிலை ஓடாது.

மரத்தூள்

கயிற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துருக்கியில் ரிசே மாகாணத்து மலையூர்களில் இன்றும் மூக்கில் கயிறு கட்டிய பலகையில்தான் சறுக்குகிறார்கள். 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் மகள்களுக்குச் செய்துகொடுத்த, ஸ்னோபோர்டுக்கு முன்னோடியான ஸ்னர்ஃபரும் கயிற்றோடுதான் சந்தைக்கு வந்தது. ஆனால் உங்களிடம் ஜிக்சாவும் கிளாம்பும் இருக்கும்போது பிளைவுட் பலகைதான் சரி. மரமும் பசையும் 150 டாலருக்குள் அடங்கும், எடையும் 2.5 கிலோ சுற்றித்தான் வரும்.

பால்டிக் பிர்ச் 3 மி.மீ., 5 அடிக்கு 5 அடி ஷீட் ஒன்று. அதன் பக்கம் 152 செ.மீ., நமக்கு வேண்டிய நீளமே அதுதான். மேல்பக்க ரேகை நீளவாக்கில் வரும்படி 35 செ.மீ. அகலத்தில் அறுத்தால் 4 துண்டு. 3 துண்டை ஒட்டினால் 9 மி.மீ. பலகை, நான்காவது ஒட்டுப் பரிசோதனைக்கு. ஹார்டுவேர் கடையின் சாதாரண 9 மி.மீ. பிளைவுட்டை வெந்நீர் ஊற்றி வளைக்கலாமே என்று கேட்பீர்கள். வளையும், ஒரு வாரத்தில் நிமிரவும் செய்யும். வளைத்தபடி ஒட்டிய அடுக்குதான் நிற்கும்.

அடுக்குகளை வளைத்து ஒட்டும் அச்சில் மூக்குப் பகுதி 45 செ.மீ. நீளத்துக்கு 60 செ.மீ. ஆரத்தில் ஏறட்டும். நுனியில் 16 செ.மீ. உயரம் கிடைக்கும். அச்சிலிருந்து எடுத்ததும் பலகை சற்று நிமிரும். 2 அடுக்கென்றால் வளைவில் கால்வாசி போய்விடும், 3 அடுக்கில் ஒன்பதில் ஒரு பங்கு, 4 அடுக்கில் பதினாறில் ஒரு பங்கு. அதாவது உங்கள் 16 செ.மீ. 14 செ.மீ. சொச்சத்தில் வந்து நிற்கும். அது போதும். 10-க்குக் கீழே போனால்தான் மூக்கு முங்கும். வாலுக்கு 3 செ.மீ. ஏற்றம் போதும்.

காலடியில் குறுக்குவாட்டில் லேசான குழி இருந்தால் விளிம்பு எங்கே என்று பாதத்துக்குத் தெரியும். 5 மி.மீ. ஆழம் வையுங்கள். ஆனால் மூக்கு வளைவு தொடங்குவதற்கு 20 செ.மீ. முன்னாலேயே குழியை முடித்துவிடுங்கள். முதல் பலகை செய்கிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். பிளைவுட் ஒரு திசையில் வளையும். ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வளைக்கப் பார்த்தால் நடு அடுக்கு மடிந்து காற்றுப் பை விழும். வெளியே ஒன்றும் தெரியாது, விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று ஓட்டைச் சத்தம் கேட்கும். பனியில் அந்த இடம்தான் முதலில் பிளக்கும்.

அழுத்தம் கொடுக்க 8 கிளாம்ப் காணாது, குறைந்தது 20 வேண்டும். அதற்குப் பதில் கைப்பம்போடு வரும் வாக்யூம் பை மேல். டொராண்டோவின் ரோராகிட் கம்பெனி ஸ்கேட்போர்டு செய்கிறவர்களுக்கு இதைத்தான் விற்கிறது. காற்றை நன்றாக உறிஞ்சினால் இந்தப் பரப்பின் மேல் மூன்று டன்னுக்குக் குறையாத சுமை சமமாக உட்காரும். அதனால் வெள்ளைத் தெர்மோகோலில் அச்சு செய்யாதீர்கள், நசுங்கிவிடும். நீல நிற, இளஞ்சிவப்பு இன்சுலேஷன் ஃபோமில் 25 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் தாங்கும் ரகம் எடுங்கள்.

ஒட்டுவதற்கு 300 கிராம் இபாக்ஸி, மேலும் கீழும் பூச இன்னொரு 200. விளிம்புக்கு மூன்று கோட் அடியுங்கள், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். வடிவத்துக்கு மூக்குப் பக்கம் 31 செ.மீ., நடுவில் 27, வால் 25. வாலைக் குறுக்கினால் பின்பக்கம் தானாக அமுங்கி மூக்கு எழும்பும். பின்காலில் மொத்த எடையையும் போட்டுத் தொடை எரிய நிற்க வேண்டியதில்லை.

புதுப்பனி

பிளைவுட்டில் இறங்குகிறேன். இரண்டு சந்தேகம். இபாக்ஸிக்குப் பதில் வீட்டிலிருக்கும் டைட்பாண்ட் 3 மரப்பசை போதாதா? அடியில் ஸ்னோபோர்டு மாதிரி பி-டெக்ஸ் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட வேண்டுமா?

மரத்தூள்

டைட்பாண்ட் ஒட்டும். மெல்லிய 7 அடுக்கு ஸ்கேட்போர்டுக்கு அதுதான் வழக்கம். ஆனால் அது தண்ணீர்ப் பசை. காய்ந்த பிறகும் தொடர்ந்து இழுபடும் இடத்தில் மெல்ல மெல்ல நழுவும். 3 தடிமனான அடுக்கு மூக்கில் எப்போதும் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு சீசனில் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கினால் ஆச்சரியமில்லை. இபாக்ஸியே போடுங்கள். ஜனவரிக் கராஜில் கலக்காதீர்கள், 15 டிகிரிக்குக் கீழே இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். வீட்டுக்குள் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க அச்சிலேயே இருக்கட்டும், ஏறி நிற்பதற்கு முன் ஒரு வாரம் விடுங்கள்.

மெழுகுக்கட்டி

பி-டெக்ஸ் தேவையில்லை. அதை ஒட்டுவதே தனி வேலை. ஒட்டும் பக்கம் தீயால் பதப்படுத்திய ஷீட் இல்லாவிட்டால் இபாக்ஸி பிடிக்காமல் தோல் மாதிரி உரிந்து வரும். கடைசி இபாக்ஸி கோட்டை 320 மணல்தாளால் நீளவாக்கில் தேய்த்து, குளிர்நிலைக்கான மெழுகைக் கையால் பூசி கார்க்கால் தேயுங்கள். இஸ்திரிப்பெட்டி வைக்காதீர்கள். சாதாரண இபாக்ஸி 60 டிகிரியிலேயே இளகும், மெழுகு இஸ்திரி 120-க்கு மேல். கைமெழுகு சீக்கிரம் போய்விடும், ஏறும் ஒவ்வொரு தடவையும் உச்சியில் ஒரு தேய்ப்பு. -10 டிகிரி உலர் பனியில் இது தாராளம். 0 டிகிரி ஈரப் பனியில் பளபளப்பான அடித்தட்டு உறிஞ்சிப் பிடிக்கும், மணல்தாள் கோடு இருந்தால் கொஞ்சம் விடும்.

மேலே ஸ்கேட்போர்டு கிரிப் டேப் ஒட்டாதீர்கள். சொரசொரப்புக்குள் பனி அடைத்து ஐந்தே நிமிடத்தில் கண்ணாடியாகிவிடும். சர்ஃப்போர்டுக்கு வரும் ஈவிஏ ஃபோம் பேடு, ஆழமான சதுரக் கட்டம் போட்டது, எடுங்கள். யோகா மேட்டும் வேண்டாம், குளிரில் விறைத்து ஓரம் கிளம்பும்.

லீஷ் (பலகையை ஆளோடு பிணைக்கும் கயிறு) இல்லாமல் பலகையைத் தரையில் வைக்கவே கூடாது. விழுந்தால் ஆள் நின்றுவிடுவார், 2.5 கிலோ பலகை நிற்காது. கீழே யாராவது இருந்தால் விபரீதம். பசையால் ஒட்டிய கொக்கி குளிரில் பெயரும், அதனால் மூக்குப் பக்கம் துளை போட்டு மறுபுறம் வாஷர் வைத்து முடியுங்கள். ரப்பர் மாதிரி இழுபடும் லீஷ் திரும்ப முகத்துக்கே பலகையைக் கொண்டுவரும். சுருள் லீஷ் வாங்கி, இடுப்பில் சட்டென்று கழற்றக்கூடிய பக்கிளில் மாட்டுங்கள்.

ஓட்டுவது எங்கே என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பைண்டிங் இல்லாத பலகையை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். ஸ்னோஷூ போட்டு நடந்துதான் ஏறணும். 20 முதல் 28 டிகிரிச் சரிவு போதும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30-லிருந்து 45-க்குள் உடைகின்றன, போனில் சரிவுமானி வைத்து அளந்துவிட்டே இறங்குங்கள். நீங்கள் நிற்கும் சரிவு 22 ஆக இருந்து தலைக்கு மேலே 38 தொங்கினால் அதுவும் 38 கணக்குதான். கால்கரிப் பக்க ராக்கீஸில் டிசம்பரில் அடிப்பனி சர்க்கரை மாதிரி உதிரும், தாங்காது. பலகை அமுங்கிக் கல்லில் உரசும். கால்கரிக்கு மேற்கே உள்ள கனனாஸ்கிஸுக்குத் தனிப் பனிச்சரிவு அறிக்கை வருகிறது, பார்க்காமல் கிளம்பாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் பாஸ் கணவாய்க்குப் போவதாக இருந்தால் அங்கே குளிர்கால அனுமதிச்சீட்டு முறை உண்டு. பனியில் புதைந்தவரைத் தேட டிரான்சீவர் (சமிக்ஞைக் கருவி), மண்வெட்டி, புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), கூட ஒருவர். இவை உங்கள் 150 டாலரில் அடங்காது, சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கூட்டெனே_வாசி

பேடை இப்ப ஒட்டாதேங்கோ. பின்கால் வாலிலை இருந்து 28 செ.மீ., முன்கால் அதிலை இருந்து 50 எண்டு டக்ட் டேப்பாலை கோடு போட்டு ஒரு நாள் ஓடிப்பாருங்கோ. மூக்கு முங்கினால் இரண்டு கோட்டையும் 3 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கோ, வால் இழுத்து நிண்டால் முன்னுக்கு. இடம் சரிவந்தாப் பிறகு கொன்டாக்ட் சிமெந்து பூசி, அறைக்குள்ளை வைச்சு ஒட்டுங்கோ.