போர்வெல் மோட்டார்: மூணு வருஷத்துக்கொருக்கா கழட்டணுமா, எரியற வரைக்கும் விடலாமா?

கேள்வி: 7.5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார், 600 அடி. ஓடி நாலு வருஷம். தண்ணி லேசா குறைஞ்சிருக்கு. இப்பவே கழட்டி புஷ் (ஷாஃப்டைச் சுத்திப் பிடிக்கற வளையம்), திரஸ்ட் பேரிங் (மேலிருந்து வர்ற பாரத்தைத் தாங்கறது) மாத்திடலாமுங்களா?

மணல்போர்: கழட்டிடுங்க. மணல் வர்ற போர்ல புஷ் தேய்ஞ்சா ஷாஃப்ட் ஆடும், ரோட்டார் (சுத்தற பாகம்) போய் ஸ்டேட்டர்ல (காயில் இருக்கற, சுத்தாத பாகம்) உரசும். புஷ்ஷோட போக வேண்டியது காயில் வரைக்கும் இழுத்துக்கும்.

டூபேஸ்: காயில் எரியறதுக்கு புஷ்ஷா காரணம்? மூணு பேஸ் கரன்ட்ல ரெண்டு மட்டும் வரும்போது (டூ பேஸ்) கண்டென்சர் போட்டு ஓட்டறதுதான். கரன்ட் மூணு காயிலுக்கும் சமமா போகாது, ஒண்ணு மட்டும் கொதிக்கும். நேத்து மாட்டின மோட்டாரும் அப்படித்தான் எரியும், அதுக்கு வயசு கிடையாது. 600 அடி பைப்பை ஏத்தி இறக்கினா கேபிள் உரசும், ஜாயின்ட்ல தண்ணி ஏறும். நல்லா ஓடறதை நாமளே கெடுக்கறோம். 1978-ல யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் எழுதின அறிக்கையில, விமான உறுப்புகள்ல 11 விழுக்காடுதான் வயசோட தேய்ஞ்சு பழுதாகுது. 68 விழுக்காட்டுல மாட்டின புதுசுலதான் பழுது அதிகம்.

மணல்போர்: விமானம் மணலையா குடிக்குது? நம்ம புஷ் அந்த 11-லதாங்க சேரும்.

மெகர்: ரெண்டு பேரும் வேற வேற பழுதைப் பேசறீங்க. தேய்மானம் சொல்லிட்டு வரும், அளந்து பிடிக்கலாம். 200 லிட்டர் டிரம் 60 நொடியில நிரம்பினது 75 நொடி ஆச்சுன்னா 20 விழுக்காடு போச்சு. ஆனா நீர்மட்டம் இறங்கினாலும் இதே கதைதான். அதனால மட்டத்தையும் ஆம்பியரையும் கூடவே எழுதி வைங்க. மட்டம் மாறாம தண்ணி மட்டும் குறைஞ்சா இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற சக்கரம்) தேய்மானமா இருக்கலாம். ஆம்பியர் ஏறினா உரசல்னு சந்தேகப்படுங்க, அதுக்கு முன்னாடி வோல்டேஜைப் பார்த்துடுங்க. மாசம் ஒருக்கா ஸ்டார்ட்டர்ல கேபிளைக் கழட்டி 500 வோல்ட் மெகர் (கரன்ட் கசியுதான்னு காப்பை அளக்கற கருவி) போடுங்க. 100 மெகாஓம் இருந்தது 20, 5-ன்னு இறங்கினா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். 1-க்குக் கீழே போனா ஓட்டாதீங்க.

டூபேஸ்: ஒரே காயிலுக்குள்ள சுத்துக்குச் சுத்து ஷார்ட் ஆனா மெகர் காட்டாதே?

மெகர்: காட்டாது, சரிதான். மூணு பேஸுக்கும் ஓம் அளவு எடுத்தா கொஞ்சம் தெரியும், அதுவும் முத்தின பிறகுதான். திடீர்னு வர்றதை அளந்து பிடிக்க முடியாது, தடுக்கத்தான் முடியும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்தறது) மாட்டுங்க, ஓவர்லோடு ரிலேயை பெயர்ப்பலகை ஆம்பியர்ல, டிரை ரன் (தண்ணியில்லாம ஓடறது) தடுப்பை வழக்கமான ஆம்பியர்ல 80 விழுக்காட்டுல வைங்க.

மணல்போர்: கண்டென்சர் போட்டா பிரிவென்டரை பைபாஸ் பண்ணித்தானே ஓட்டறாங்க?

மெகர்: அப்படி ஓட்டற மோட்டாருக்குப் புது புஷ் போட்டும் பிரயோஜனமில்லைங்க. கேட்டவர் முதல்ல டிரம் கணக்கையும் நீர்மட்டத்தையும் போடுங்க, கழட்டறதை அப்புறம் பேசலாம்.