மறுகுடியமர்வு வீட்டுக்கு வந்தபின் முதியோர் நடப்பதை நிறுத்திவிடுவது ஏன்?

கேள்வி:
வெள்ளத்தில் வீடிழந்த எங்களுக்கு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் தரைத்தள வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. சாலை அகலமானது, நடைபாதையும் உண்டு. ஆயினும், பழைய இடத்தில் காலையும் மாலையும் வெளியே போய்வந்த, எழுபதைக் கடந்த என் தாயார் இங்கு வாசற்படி தாண்டுவதே அரிதாகிவிட்டது. முழங்கால் வலி அவருக்குப் புதிதல்ல; மருத்துவரும் நடக்கத்தான் சொல்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் மூலம் எதைக் கேட்டுப் பெற்றால் பயன் கிடைக்கும்?

மறுமொழி 1:
ஒருநாள் உடன் நடந்து, அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்று பாருங்கள். நடைபாதை ஒவ்வொரு வாயிலிலும் வண்டி நுழைவதற்காகத் தாழ்ந்து மீண்டும் உயர்ந்தால், கைத்தடி ஊன்றுபவருக்கு அது படிக்கட்டு ஏறி இறங்குவதற்குச் சமம். உட்கார இருக்கையும் நிழலும் இல்லாத இடத்தில் நானூறு மீட்டர்கூடத் தொலைவுதான். தாங்கள் பாராட்டும் அகலமான சாலையே தடையாகவும் இருக்கலாம். பாதசாரிகள் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடப்பார்கள் என்று கொண்டு சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். முதியோர் பலரால் 0.8 மீட்டரே முடியும். அப்படியானால், 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து விநாடி கிடைக்கும்போது அவருக்குத் தேவைப்படுவது பதினைந்து விநாடி.

மறுமொழி 2:
இவையெல்லாம் சரி, ஆனால் போய்ப் பார்க்க ஆளில்லாவிட்டால் எவ்வளவு நல்ல நடைபாதையும் வீண் என்பது என் கருத்து. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின், முதியோருக்கு முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் தற்காலிக வீடுகளை ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் அக்கம்பக்கத்தார் சிதறிப்போய், தனிமையில் இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்தன. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் இவானுமா நகரில் சிலர் குலுக்கலில் தனித்தனியாகவும், சிலர் பழைய ஊராரோடு கூட்டமாகவும் இடம்மாறினர். பேரிடருக்கு முன்பே 65 வயதைக் கடந்தோரிடம் தொடங்கியிருந்த ஆய்வொன்று, கூட்டமாகச் சென்றவர்களிடையே பிறரோடு பழகுவதும் பொதுநிகழ்ச்சிகளில் பங்கேற்பதும் கூடியதையும், தனித்தனியாகச் சென்றவர்களிடம் அவை தளர்ந்ததையும் காட்டியது. எனவே பழைய அண்டை வீட்டார் எந்த பிளாக்கில் இருக்கிறார்கள் என்று பட்டியலிட்டு, விரும்புவோர் தமக்குள் வீடு மாற்றிக்கொள்ள அனுமதி கோருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விசாரித்ததில், பழைய தெருவைச் சேர்ந்த இருவர் சாலைக்கு அப்பால் உள்ள பிளாக்கில் இருப்பது தெரிந்தது. வீட்டு மாற்றத்துக்கு எவரும் உடனே இசைவதாகத் தெரியவில்லை.

மறுமொழி 1:
அப்படியென்றால் முதல் மனு சாலையைக் கடப்பது பற்றியதாகவே இருக்கட்டும். கடக்கும் நேரத்தை நீட்டவும், சாலை நடுவே மீடியனில் தடியோடு நின்று இளைப்பாறும் அளவுக்கு, படியில்லாமல் தரைமட்டமாக இடம் விடவும் கேளுங்கள். முதியவர்கள் சிலர் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்து மனுவோடு இணைத்தால், பொறியாளர் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.