கால்விங்: கன்றீனலா, முனை உடைவா?

அன்புள்ள குழுவினருக்கு,
கிரீன்லாந்தின் ஹம்போல்ட் பனியாறு பற்றிய பாடம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பனியாற்றின் கடல்முனை பிளந்து பெருந்துண்டுகள் தண்ணீரில் விழுவது ஆங்கிலத்தில் ‘கால்விங்’. மாடு கன்று போடுவதற்கும் அதே சொல்தான். ‘கன்றீனல்’ என்று எழுதினேன். சரிபார்ப்பவர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். வேறு சொல் உண்டா?

———
அம்மா, மாற்றாதீர்கள். ‘பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறி வுயிர்க்கே’ என்கிறது தொல்காப்பிய மரபியல். ஓரறிவுயிரான செடி, மரங்களின் இளமைக்கும் கன்று என்ற பெயர் பொருந்தும் என்பது பொருள். வாழைக்கன்று, தென்னங்கன்று எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

———
ஐயா, அடுத்த நூற்பாவையும் சொல்லுங்கள்: ‘நெல்லும் புல்லும் நேரார் ஆண்டே’. உயிருள்ள நெல்லுக்கே இடமில்லை, பனிக்கட்டியை யார் உள்ளே விட்டது? 2010 ஆகஸ்டில் அதே கிரீன்லாந்தின் பீட்டர்மேன் பனியாற்றிலிருந்து சுமார் 260 சதுர கிலோமீட்டர் பனித்தீவு பிரிந்துபோனது. அதுவும் கன்றா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘உடைவு’ போதும்.

———
> ‘உடைவு’ போதும்

போதாது. நிலத்தின் நடுவே பனியில் வெடிப்பு விழுந்தாலும் அதை உடைவு என்றுதானே சொல்வார்கள்? முனையில் பிரிந்து தனியே மிதந்துபோவது வேறு. ‘ஈனல்’ அதைச் சொல்கிறது.

———
நடுவே புகுவதற்கு மன்னிக்கவும். முதலில் பனியாற்றின் பெயரைக் கவனியுங்கள். ஆர்க்டிக்கில் காணாமல்போன ஆங்கிலேயப் பயணி பிராங்ளினைத் தேடி 1853இல் கிளம்பினார் அமெரிக்கர் எலிஷா கென்ட் கேன். அவர் கப்பல் பனியில் சிக்கித் தவித்தபோது வால்ரஸ் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியவர்கள் வடமேற்கு கிரீன்லாந்தின் ஏட்டா ஊர் இனுகுயிட் மக்கள். பனியாற்றுக்குக் கேன் வைத்ததோ ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டின் பெயர். கிரீன்லாந்து மொழியில் அது செர்மெர்சுவாக், அதாவது பெரும் பனியாறு. இரண்டு பெயரும் வரட்டும்.

———
சேர்த்துவிட்டேன், நன்றி. ஆனால் என் சிக்கல் அப்படியே இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் அகல முகப்பில் வடபாதி ஆழப் பள்ளத்தின் மேல் இருப்பதால் வேகமாகப் பின்வாங்குகிறது என்று ஒரு பத்தி. அதில் மட்டும் மூன்று இடத்தில் இந்தச் சொல் வருகிறது. ‘பனிமுனை உடைவு’ சரியா?

———
சரி.

———
சரி. விட்டால் போதும்.

———
அச்சிடுங்கள், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனிதான். ‘பனிமுனை’ என்றால் எதன் முனை என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். சொல்லடைவிலாவது ‘கன்றீனல்’ என்று ஒரு வரி போடுங்கள்.