புல்தரையில் வட்ட வட்டமாகக் காய்கிறது, பூஞ்சை நோயா?

வீட்டுப் புல்தரையில் பத்து நாளாக வட்ட வட்டமாகப் பழுப்பேறிக் காய்கிறது. முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போது ஒரு வட்டம் 2 அடியைத் தாண்டிவிட்டது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு பார்த்தால் ஓரத்தில் புகை படிந்ததுபோல் சாம்பல் வளையம். வெயில் ஏறினால் காணோம். வேர்ப்புழுவோ என்று இழுத்துப் பார்த்தேன், பாய்போல் உரிந்து வரவில்லை. வேர் பிடிப்பாகத்தான் இருக்கிறது.

தப்பு என் பக்கமும் உண்டு. இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் விடுவேன், போன மாதம் யூரியாவையும் தாராளமாகப் போட்டேன். சரி, இரண்டையும் நிறுத்தியாயிற்று.

இது ரைசோக்டோனியா பூஞ்சைதானா? பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் அசாக்சிஸ்ட்ரோபின் அடிக்கலாமா, புரோபிகோனசோலா? காய்ந்த இடத்துக்கு மட்டும் போதுமா, சுற்றியுள்ள பச்சைப் புல்லுக்கும் வேண்டுமா? அப்புறம், வெட்டிய புல்லை அங்கேயே விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.