உம்மன் சாண்டியும் மனுக்களும்: அருகில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

மீனச்சில்:
கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளி தொகுதியில் 1970 முதல் 2021 வரை 12 தேர்தலில் நின்று 12லும் ஜெயித்தவர், கேரளாவின் முன்னாள் காங்கிரஸ் முதல்வர் உம்மன் சாண்டி. 2022 ஆகஸ்டில் பாலா தொகுதியின் கே.எம். மாணி வைத்திருந்த கணக்கையும் தாண்டி, கேரள சட்டமன்றத்தில் மிக நீண்ட காலம் இருந்தவர் ஆனார். நல்ல மனுஷன், எளிமையானவர் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதியாகிவிட்டது. இங்கே கேட்பது வேறு. ஒரு மனு அவர் கைக்கு எப்படிப் போகும், எங்கே நகரும், எங்கே நின்றுபோகும்? வேலை நிமித்தமாகப் பார்த்தவர்கள் எழுதலாம். "எங்க குடும்பத்துக்கு உதவினார்" வகைப் பதிவுகள் இந்தத் திரியில் வேண்டாம்.

பாம்பாடி ரப்பர்:
ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலமைச்சராக இருந்த காலத்திலும் ஞாயிறு என்றால் புதுப்பள்ளிதான். காலையிலேயே கரோட்டு வள்ளக்காலில் வீட்டு முற்றம் நிறைந்துவிடும். முன்கூட்டி நேரம் வாங்குகிற வழக்கமெல்லாம் கிடையாது. கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே படிப்பார், அங்கேயே கையெழுத்து போடுவார். கிழிந்த கதர்ச் சட்டை, சீவாத தலை என்று பத்திரிகையில் வந்தது வெறும் வர்ணனை இல்லை, ஆள் அப்படித்தான் இருப்பார். தொகுதியில் பெரியவர்கள் "குஞ்ஞூஞ்ஞு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் செல்போன் கிடையாது. யாரோடாவது பேச வேண்டும் என்றால் உதவியாளர் போன்தான். மனுவைப் படித்துக்கொண்டே தாசில்தாருக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போன் போடச் சொல்வார். அதனால் மனுவில் எந்த அலுவலகம், ஃபைல் எங்கே நிற்கிறது என்று முதல் வரியிலேயே இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சு நடக்கும். ஆறு பக்கத்துக்குக் குடும்ப வரலாறு எழுதி வந்தால் அது உதவியாளர் கட்டுக்குள் போகும். அந்தக் கட்டில் இருந்து திரும்பி வரக் கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொன்று: எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் வாங்கும் கடிதம் சிபாரிசு மட்டும்தான், உத்தரவு ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் கடிதத்தை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு பணம் வரும் என்று காத்திருந்தவர்கள் நிறைய. அதை மூல மனுவோடு சேர்த்து அலுவலகத்தில் கொடுத்து, தபால் எண் வாங்கினால்தான் அதற்கு உயிர்.

கலெக்டரேட் ஓய்வு:
ஜனசம்பர்க்க பரிபாடி, அதாவது முதல்வராக அவர் மேடை போட்டு மக்களிடம் நேரில் மனு வாங்கிய நிகழ்ச்சி பற்றி நான் எழுதுகிறேன். மேடையில் நடந்ததுதான் டிவியில் தெரிந்தது. ஆனால் வேலையில் பெரும்பகுதி அதற்கு முந்தைய வாரங்களில் முடிந்துவிடும்.

தேதி அறிவித்ததும் மனுக்கள் முன்கூட்டியே வாங்கப்பட்டு கம்ப்யூட்டரில் ஏறும். துறை வாரியாகப் பிரித்து, மாவட்ட அளவிலேயே முடிக்கக்கூடியதை முடிப்பார்கள். விதி இடம் கொடுக்காதது, பண உதவி, நோய் காரணமாக ரேஷன் கார்டை பிபிஎல் (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) ஆக்கக் கேட்பது, இவையெல்லாம் முதல்வர் முன்னால் போகும். அன்றைக்கு முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களுக்குத் தனி கவுன்டர். அந்தக் கவுன்டரில்தான் எல்லாக் குழப்பமும்! ஒரே மனுவை மூன்று இடத்தில் கொடுத்திருப்பார்கள். ஒன்றில் "தீர்வானது" என்றும் இன்னொன்றில் "நிலுவை" என்றும் நிற்கும்.

ஸ்ட்ரெச்சரிலும் ஆம்புலன்சிலும் வந்தவர்களிடம் அவரே இறங்கிப் போவார். காலையில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். அவர் சாப்பிடாமல் நின்றால் அதிகாரிகளும் சாப்பிடாமல் நிற்க வேண்டியதுதான், இது யாரும் எழுதாத தகவல்.

எங்கே சிக்கும்? முதல்வர் நிவாரண நிதித் தொகைக்கு மேடையில் கையெழுத்து விழுந்தாலும், டாக்டர் சர்டிபிகேட்டில் நோயின் பெயரும் சிகிச்சைச் செலவும் தெளிவாக இல்லை என்றால் பின்னால் நிற்கும். வங்கிக் கணக்கு மனுதாரர் பெயரில் இல்லை என்றாலும் அதே கதி. பிபிஎல் உத்தரவு ஆனாலும் கார்டு மாற வேண்டியது தாலுகா சப்ளை ஆபீசில். "சி.எம். கொடுத்துட்டாரே, நீ யார் தடுக்க?" என்று அங்கே சண்டை வரும். கிளார்க் தடுக்கவில்லை, எண்ட்ரி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிகழ்ச்சிக்குத்தான் 2013ல் ஐ.நா. பொதுச் சேவை விருது கிடைத்தது. பஹ்ரைன் போய் அவரே வாங்கினார். வில்லேஜ் ஆபீசர் பார்க்க வேண்டிய வேலையை முதல்வர் பார்க்கிறார் என்று இடதுசாரிகள் சொன்ன விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கருத்தில் அது பாதிதான் சரி. ஒரே வகை மனு ஆயிரக்கணக்கில் வந்தபோது, விதியே தப்பு என்று கண்டுபிடித்து அரசாணையை மாற்றியதும் இதே மேடையால்தான் நடந்தது.

வாக்குப்பெட்டி:
எண்கள் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1970ல் சி.பி.எம். சிட்டிங் எம்.எல்.ஏ. இ.எம். ஜார்ஜைத் தோற்கடித்தபோது வித்தியாசம் 7,288. உச்சம் 2011ல் 33,255. 2016ல் 27,092. 2021ல் 9,044 ஆக விழுந்தது. அதற்கு முக்கிய காரணம் 2020ல் ஜோஸ் கே. மாணியின் கேரளா காங்கிரஸ் இடது முன்னணிக்குப் போனது. கோட்டயம் மாவட்டத்தில் அந்த ஓட்டு இல்லாமல் யு.டி.எஃப். (காங்கிரஸ் கூட்டணி) நடப்பது கஷ்டம். ஆர்த்தடாக்ஸ்-யாக்கோபாயா கிறிஸ்தவ சபைகளின் சண்டையும் சேர்ந்துகொண்டது.

அதே 2021 மார்ச்சில், அவரைத் திருவனந்தபுரம் பக்கம் நேமம் தொகுதியில் நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் தொண்டர்கள் வீட்டை முற்றுகையிட்டார்கள், ஒருவர் கூரை மேலேயே ஏறிவிட்டார். விட மாட்டோம் என்றார்கள், அவரும் போகவில்லை. ஓட்டு குறைந்ததையும் கூரை ஏறியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாசம் ஒரு கணக்கு, கூட்டணி இன்னொரு கணக்கு.

சபை மாடம்:
மந்திரி பதவி வரிசையைப் பாருங்கள். தொழிலாளர் 1977-78, உள்துறை 1981-82ல் சில மாதங்கள், நிதி 1991-94, முதல்வர் 2004-06, 2011-16. கூட்டினால் 12 ஆண்டுக்குள்தான் வரும். மீதி நாற்பது வருடம் வெறும் எம்.எல்.ஏ., இல்லையென்றால் கட்சி, முன்னணிப் பொறுப்பு, எதிர்க்கட்சித் தலைவர். 1994ல் காங்கிரஸின் எம்.ஏ. குட்டப்பனுக்கு ராஜ்யசபா சீட் மறுக்கப்பட்ட விவகாரத்தில் அன்றைய முதல்வர் கருணாகரனோடு மோதி நிதி மந்திரி பதவியையே விட்டார். கேரள காங்கிரஸுக்குள் ஏ.கே. ஆண்டனி பெயரில் இருந்த ஏ குரூப்பின் உண்மையான மேலாளர் ஆண்டனி இல்லை, இவர்தான் என்று சட்டசபை லாபியில் எல்லோருக்கும் தெரியும். 140 பேர் சபையில் 72 பேரை வைத்துக்கொண்டு 2011 முதல் ஐந்து வருடம் ஓட்டினாரே, அதற்கு மேடைப் பேச்சு உதவாது. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் தொகுதி ஃபைலும் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பாடி ரப்பர் சொன்ன அந்த செல்போன் விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. உதவியாளர் போன்தான் முதல்வர் போன் என்றால், அதில் யார் கூப்பிட்டார்கள், என்ன பேசினார்கள் என்பதற்கும் முதல்வரே பதில் சொல்ல வேண்டி வரும். சோலார் விவகாரம் (சோலார் பேனல் பண மோசடி) 2013ல் அந்த வழியாகத்தான் அவர் அலுவலகத்துக்குள் வந்தது. இத்தனைக்கும் 2011ல் தன் அலுவலகத்தை 24 மணி நேரமும் இணையத்தில் நேரலையாகக் காட்டியவர். கேமரா அறையைக் காட்டும், போனைக் காட்டாது. 2016 ஜனவரியில் அதை விசாரித்த நீதிபதி சிவராஜன் கமிஷன் முன் காலையில் உட்கார்ந்தவர் எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அதே விவகாரத்தில் அவர் மீது வந்த பாலியல் புகாரில் ஆதாரமில்லை என்று சி.பி.ஐ. 2022 டிசம்பரில்தான் சொன்னது. எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தவர், உள்ளே வருகிறவர்களைச் சலிக்க ஒரு ஆளையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கம்பம் பாசனம்:
நம் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 2006 பிப்ரவரி 27ல் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்றது. அடுத்த மாதமே கேரளா சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136 அடியில் நிறுத்தியது. அப்போது முதல்வர் இவர்தான். 2014 மே 7ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோதும் முதல்வர் இவரே. தேனி மாவட்டத்துக்காரன் இவரை மனுக் கதைகளால் மட்டும் நினைவு வைக்க முடியாது. ஆனால் கேரளாவில் எந்தக் கட்சி ஆண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாம்பாடி ரப்பர்:
@கம்பம் பாசனம், அது சரிதான்.

2023 ஜூலை 18ல் பெங்களூரில் இறந்தார். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் கிளம்பிய பஸ், சுமார் 150 கிலோமீட்டர் தாண்டி கோட்டயம் திருநக்கரை மைதானம் வர ஒரு பகலும் ஒரு இரவும் போதவில்லை. அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 வித்தியாசத்தில் ஜெயித்தார், அப்பா எப்போதும் வாங்காத வித்தியாசம். புதுப்பள்ளி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் உள்ள அவர் கல்லறையில் இப்போதும் மனு எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மீனச்சில்:
@கலெக்டரேட் ஓய்வு, இப்போது நிவாரண நிதிக்கு யாராவது போக வேண்டும் என்றால்?

கலெக்டரேட் ஓய்வு:
ஆன்லைனில் போடலாம், அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) போடுவது சுலபம். எம்.எல்.ஏ. அலுவலகம் வழியாகவும் போகலாம். ஆறு மாதத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, மனுதாரர் பெயரிலேயே நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு பாஸ்புக் நகல். வில்லேஜ் ஆபீசர் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், நோயாளி ஆஸ்பத்திரியில் இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். கலெக்டர் கையில் உள்ளது 10,000 ரூபாய் வரைதான். முதல்வர் 3 லட்சம் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் அமைச்சரவைக்குப் போகும். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் போன் செய்தால் யாராலும் ஃபைலைத் தேடித் தர முடியாது.