அலுவலக மெடிக்ளெய்மில் இருந்து அப்பா அம்மாவை எடுத்துவிடுகிறார்கள்: டிசம்பர் 10-க்குள் முடிவு சொல்ல வேண்டும், என்ன செய்யலாம்?

மின்மினி_84

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் குழு மெடிக்ளெய்ம் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. நேற்று எச்.ஆர் மெயில் வந்தது. தலைப்பு, "உங்கள் நலத்திட்டங்களில் மேம்பாடு". மூன்று முறை படித்தும் மேம்பாடு எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதுவரை நான், கணவர், குழந்தை, என் அப்பா அம்மா எல்லோருக்கும் சேர்த்து 5 லட்சம். ப்ரீமியம் முழுவதும் நிறுவனமே கட்டியது. கோ-பே (ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கையில் இருந்து கட்ட வேண்டிய பங்கு) கிடையாது, அறை வாடகைக்கு வரம்பு கிடையாது. ஜனவரி முதல் பெற்றோர் அந்தத் திட்டத்தில் இல்லை. வேண்டுமானால் அவர்களுக்குத் தனியாக 5 லட்சத்துக்கு ஒரு விருப்பத் திட்டம் எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் சேர்த்து ப்ரீமியம் 38,000 ரூபாய், நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் 20% கோ-பே. அறை வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1% வரைதான். கிளெய்மைக் கையாளும் டி.பி.ஏ-வும் மாறுகிறதாம். டிசம்பர் 10-க்குள் போர்ட்டலில் ஆம் அல்லது இல்லை என்று தேர்வு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 66, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதி குறிக்கவில்லை. 2019-இல் நான் இங்கே சேர்ந்ததில் இருந்து இருவரும் தொடர்ந்து இந்த பாலிசியில் இருக்கிறார்கள்.

38,000 கட்டி இந்தக் குறைந்த திட்டத்தில் சேர்வதா, அல்லது அதே பணத்தில் வெளியே சொந்தமாக ஒரு பாலிசி எடுப்பதா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சும்மா_வந்தேன்

வெளியே எடுங்கள். வேலை போனால் அலுவலகக் காப்பீடும் போய்விடும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை

மேலே சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் இவர் நிலைமைக்கு அது மட்டும் போதாது. 71 வயது, ஸ்டென்ட், சர்க்கரை. புதிதாக ஒரு தனிநபர் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். முன்பு 48 மாதமாக இருந்தது, 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ குறைத்தது. முழங்கால் மாற்று மாதிரி பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத் தனியாக ஒரு காத்திருப்புக் காலம், பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம். அதாவது இவர்களுக்கு எது வரக்கூடுமோ அதற்கெல்லாம் அந்த பாலிசி முதல் இரண்டு மூன்று வருடம் உதவாது. குழுத் திட்டத்தில் பொதுவாக முதல் நாளே எல்லாம் உண்டு. அதற்குத்தான் அந்த 38,000.

ஒரு விஷயம் கேளுங்கள்: அந்த 38,000 வரியோடு சேர்த்தா? தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி இல்லை. குழு பாலிசிக்கு 18% அப்படியே இருக்கிறது. வரி தனி என்றால் 44,840 ஆகிவிடும். நீங்கள் பழைய வரித் திட்டத்தில் இருந்தால், பெற்றோருக்காக உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் ப்ரீமியத்தை வருமான வரிக் கழிவாகக் காட்டலாம், 80டி என்பார்கள். 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு 50,000 வரை. புதிய வரித் திட்டம் என்றால் அது கிடையாது.

பழைய எச்ஆர்

பல வருடம் இந்த மாதிரி மெயில்களை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெற்றோரை வெளியே எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். போன வருடம் கட்டிய ப்ரீமியத்தைவிட வாங்கிய கிளெய்ம் அதிகமாக இருந்திருக்கும், காப்பீட்டு நிறுவனம் புதுப்பிக்கும்போது விலையை ஏற்றியிருக்கும். கிளெய்மில் பெரும்பங்கு பெற்றோருடையது. அதனால் வெட்டு அங்கே விழுகிறது. உங்கள் எச்.ஆரோடு சண்டை போட்டு இந்த வருடம் இது மாறப்போவதில்லை. ஆற்றலை வேறு இடத்தில் செலவிடுங்கள்.

அந்த வேறு இடம் எது என்றால், மெயிலில் சொல்லாத ஒரு தேதி. டிசம்பர் 10 என்பது உங்கள் நிறுவனத்துக்கு வசதியான தேதி. உங்கள் பெற்றோருக்கு முக்கியமான தேதி அதற்கு முன்பே வருகிறது. குழு பாலிசியில் இருப்பவர்கள், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதியில் உரிமை உண்டு. மைக்ரேஷன் என்பார்கள். இதுவரை பாலிசியில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு. நீங்கள் 2019-இல் இருந்து இருப்பதால் 36 மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் தேதிக்கு 30 நாள் முன்பே தரச் சொல்வார்கள். ஜனவரி 1 என்றால் நவம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 10 வரை யோசித்துவிட்டு, அப்புறம் இதைக் கேட்டால், "முன்பே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

இன்னொன்று. டி.பி.ஏ மட்டும் மாறுகிறதா, காப்பீட்டு நிறுவனமே மாறுகிறதா? டி.பி.ஏ என்பது கிளெய்மைக் கையாளும் இடைநிலை அலுவலகம்தான், பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். நிறுவனமே மாறுகிறது என்றால், மைக்ரேஷன் கேட்க வேண்டியது இப்போது இருக்கும் நிறுவனத்திடம், வரப்போகும் நிறுவனத்திடம் இல்லை.

மின்மினி_84

நன்றி சார். எச்.ஆரில் கேட்டேன், காப்பீட்டு நிறுவனமும் மாறுகிறதாம். மெயிலில் அதை எழுதவே இல்லை! மைக்ரேஷன் பற்றிக் கேட்டதும், "அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றார்கள். மறுக்கவில்லை, தெரியவும் இல்லை.

பழைய எச்ஆர்

யாரும் கேட்காததால் அவர்களுக்குத் தெரியாது. எச்.ஆர் வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை. இப்போதைய காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக மெயில் போடுங்கள், எச்.ஆரை நகலில் வையுங்கள். குழு பாலிசி எண், உங்கள் ஊழியர் எண், பெற்றோரின் இ-கார்டில் உள்ள உறுப்பினர் எண், எந்த நாளில் இருந்து பாலிசியில் இருக்கிறார்கள் என்பது, பாலிசி முடியும் தேதி. இவ்வளவு போதும். போனில் பேசியது கணக்கில் வராது.

டெஸ்க்_நம்பர்_3

மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் வேலை செய்கிறேன். எல்லோரும் கோ-பே பற்றியே கவலைப்படுகிறீர்கள், அறை வாடகை வரம்பை யாரும் தொடவில்லை. எங்கள் டெஸ்க் முன்னால் மக்கள் அழுவது அதனால்தான், கோ-பேயால் இல்லை.

5 லட்சத்தில் 1% என்றால் நாளுக்கு 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மீதி 5,000-ஐ நாம் கட்டினால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறை எந்த விகிதத்தில் மிஞ்சியதோ அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். 3 லட்சம் பில்லில் ஐந்து நாள் அறை 50,000, டாக்டர் தியேட்டர் வகையறா 1,20,000, மருந்தும் இம்ப்ளான்ட்டும் பரிசோதனையும் 1,30,000 என்றால், முதல் இரண்டும் பாதியாகிவிடும். 25,000 + 60,000 + 1,30,000 = 2,15,000. இதில் 20% கோ-பே 43,000 போக, கிடைப்பது 1,72,000. உங்கள் கையில் இருந்து 1,28,000.

மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகளில் இந்த விகித வெட்டு கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொல்லியிருக்கிறது. ஐ.சி.யூ கட்டணத்திலும் கூடாது. அதையும் வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள். மற்றபடி வழி ஒன்றுதான்: அட்மிஷன் போடும்போதே, வரம்புக்குள் உள்ள அறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த அறை காலி இல்லை, மேல் அறைக்குப் போங்கள் என்று சொன்னால், டி.பி.ஏ-விடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்

இழையை மடைமாற்றுவதற்கு மன்னிக்கவும், ஒரே ஒரு கேள்வி. எங்கள் அலுவலகத்திலும் இதே கதை. என் மனைவிக்குப் பிப்ரவரியில் பிரசவம். புதிய பாலிசியில் மகப்பேறு இருக்குமா?

பழைய எச்ஆர்

குழு பாலிசியில் அது நிறுவனம் வாங்கும் சேர்க்கை, கட்டாயம் இல்லை. எச்.ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மகப்பேறுக்கு வரம்பு எவ்வளவு, சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியா? ஒன்பது மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்திருக்கிறார்களா? குழந்தைக்கு முதல் நாளில் இருந்தே பாதுகாப்பு உண்டா? குழந்தை பிறந்ததும் போர்ட்டலில் பெயர் சேர்க்கக் கெடு இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்குபேட்டரில் குழந்தை இருக்கும்போது யாருக்கும் போர்ட்டல் நினைவுக்கு வராது.

மின்மினி_84

அம்மாவின் முழங்கால் விஷயம் யாராவது சொல்லுங்களேன். இந்த மாதமே செய்துவிட்டால் பழைய பாலிசியில் கோ-பே இல்லாமல் முடியும் என்று கணவர் சொல்கிறார். அம்மாவுக்கு அவசரமே இல்லை, கோடையில் செய்துகொள்கிறேன் என்கிறார்.

டெஸ்க்_நம்பர்_3

கணக்கு சரிதான். எந்த பாலிசி என்பதைத் தீர்மானிப்பது அட்மிட் ஆகும் தேதி. டிசம்பர் 29-இல் சேர்ந்து ஜனவரி 3-இல் டிஸ்சார்ஜ் ஆனாலும் பழைய பாலிசிதான். அதற்குப் பிந்தைய செலவுகளும், வழக்கமாக 60 நாள் வரை, பழைய பாலிசியிலேயே வரும்.

ஆனால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து அறுவைக்குத் தயாரா என்று சொல்ல வேண்டியது டாக்டர். காப்பீட்டுக் கெடுவுக்காக ஒரு பெரிய அறுவையை நெருக்கக் கூடாது என்பது என் கருத்து. டாக்டரே "எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்" என்று சொல்கிறார் என்றால், இப்போதே காப்பீட்டு முன் அனுமதிக்குப் போடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் எங்களைப் போன்ற டெஸ்க்குகளில் இதே காரணத்துக்காகக் கூட்டம் நெரியும். இரண்டு காலும் செய்ய வேண்டும், இடைவெளி விட்டுச் செய்யலாம் என்றால், இரண்டாவது கால் புதிய பாலிசியில்தான் வரும். அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டதால் இன்னொரு வழியும் உண்டு. 70 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்று 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கினார்கள். தனியார் காப்பீடு இருந்தாலும் சேரலாம். வயது ஆதாரில் உள்ளபடிதான். உங்கள் மாநிலத்தில், நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நம்புங்கள். இதை மட்டுமே வைத்து மற்றதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

சும்மா_வந்தேன்

சரி, நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மைக்ரேஷன் கிடைத்துவிட்டால் அலுவலகத் திட்டம் எதற்கு? இரண்டுக்கும் பணம் கட்டுவதா?

பழைய எச்ஆர்

மைக்ரேஷன் உரிமை என்றாலும், உடல்நிலையைப் பரிசீலித்து ப்ரீமியத்தை ஏற்ற அவர்களுக்கு இடம் உண்டு. இந்த வயதில் என்ன விலை சொல்வார்கள் என்பது கையில் தாள் வந்தால்தான் தெரியும். அதுவரை அலுவலகத் திட்டத்தில் "ஆம்" என்று போட்டுவைப்பதே பாதுகாப்பு. பிறகு தனிநபர் பாலிசி நல்ல விலையில் வந்தால், அலுவலகத் திட்டத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது பணக் கணக்கு.

படிவத்தில் ஸ்டென்ட்டை மறைக்காமல் எழுதுங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து பாலிசியில் இருந்தால், பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டும் விதிவிலக்கு. இருந்தாலும் அந்த விதியை நம்பி மறைப்பது தேவையில்லாத வம்பு.

எச்.ஆரிடம் இன்னும் இரண்டு கேட்கணும். நடுவில் நீங்கள் வேலையை விட்டால், உங்கள் சம்பளத்தில் பிடித்த ப்ரீமியத்தில் மீதி திரும்புமா? இந்த வருடம் "இல்லை" என்றால் அடுத்த வருடம் சேர விடுவார்களா? சில நிறுவனங்களில் ஒருமுறை வெளியேறினால் கதவு மூடிவிடும்.

மின்மினி_84

அப்டேட். காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டுவிட்டேன், பதிவு எண்ணோடு பதில் வந்திருக்கிறது. இருவருக்கும் தனித்தனிப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், அப்பாவின் ஆஞ்சியோ ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். எச்.ஆர் பதில்: வேலையை விட்டால் ப்ரீமியம் திரும்பாது, வெளியேறினால் அடுத்த வருடம் சேரலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் வருடம் பாதுகாப்பு இருக்காது. 38,000-இல் வரி சேரவில்லையாம், அது தனி. போர்ட்டலில் "ஆம்" போட்டுவிட்டேன்.

அம்மா கோடையில்தான் என்று உறுதியாக இருக்கிறார். சரி, விட்டுவிட்டேன். கேட்பதற்கு ஒன்று பாக்கி: பழைய போர்ட்டல் ஜனவரி 1-க்கு அப்புறம் திறக்குமா?

டெஸ்க்_நம்பர்_3

திறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே எல்லோருடைய இ-கார்டு, இதுவரை வாங்கிய கிளெய்ம்களின் தீர்வுக் கடிதங்கள், பெற்றோர் பெயரும் சேர்ந்த தேதியும் உள்ள உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். 2019-இல் இருந்து ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள் என்பதற்கு எச்.ஆரிடம் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். மைக்ரேஷன் படிவத்தோடு அதையும் இணைத்தால் அவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.