ஆறு சாஃப்ட்வேரை சர்வீஸா பிரிச்சு இணைக்கணுமா, இல்ல ஒரே பெரிய சாஃப்ட்வேரா வாங்கிடலாமா?

மசாலாமூட்டை:
தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு மளிகை மொத்த வியாபாரத்துல ஐடி வேலை நான்தான் பாக்குறேன், கூட ஒரு தங்கச்சி, அவ்வளவுதான் டீம். பில் கவுன்ட்டர், பைன்டவுன் கோடவுன் ஸ்டாக், கணக்கு, ஆன்லைன் ஆர்டர், லாரி, சம்பளம்னு ஆறு சாஃப்ட்வேர், ஆறும் ஆறு காலத்துல வாங்கினது, ராத்திரி ஃபைல் எடுத்து இதுல இருந்து அதுக்கு ஏத்திதான் ஓட்டுறோம். 2025ல மே 1லருந்து வாட் வரி 15 சதவீதத்துல இருந்து 15.5 ஆகுதுன்னு சொன்னாங்கல்ல, ராத்திரி பகலா உக்காந்து எல்லாத்துலயும் மாத்தி வச்சோம், ஏப்ரல் 24 அன்னைக்கு நிதியமைச்சர் கொடோங்வானா வாபஸ்னு அறிவிச்சுட்டாரு. திரும்ப எல்லாத்தையும் பழையபடி ஆக்கினோம், ஆன்லைன்ல மட்டும் விட்டுப்போச்சு. மூணு நாள் 15.5 போட்டு பில் போயிருக்கு, ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், எனக்கு அது இன்னும் ஆறல. அதான் வரியை ஒரு தனி சர்வீஸா வச்சு எல்லா சாஃப்ட்வேரும் அதைக் கேட்டுக்கட்டும், நடுவுல ஒரு ஈஎஸ்பி, அதாவது எல்லா சாஃப்ட்வேருக்கும் இடையில சேதியைக் கடத்துற ஒரு பொது பஸ், போடலாம்னு முதலாளிகிட்ட சொல்லப்போறேன். சரியா?

கருப்புக்காப்பி:
வேண்டாம் தம்பி. பதினெட்டு வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், ஈஎஸ்பி வாங்கின ரெண்டு கம்பெனியில இருந்தவன் நான். ரெண்டுலயும் என்ன ஆச்சுன்னா "இந்த கஸ்டமருக்கு இந்த தள்ளுபடி", "இந்த கோடவுன்னா இப்படி"ன்னு எல்லா விதியும் மெதுவா நடுவுல இருக்குற பஸ்ஸுக்குள்ள போய் உக்காந்துடுச்சு, அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியும், அவர் வேலையை விட்டப்புறம் அதுல கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்ல. 2009லயே பர்ட்டன் குரூப்ங்கற ஐடி ஆய்வு கம்பெனியில இருந்த ஆன் தாமஸ் மேன்ஸ், எஸ்ஓஏ, அதாவது இப்படி எல்லாத்தையும் சர்வீஸா பிரிச்சுக் கட்டுற முறை, செத்துப்போச்சுன்னு எழுதிட்டாங்க. கணக்கும் பாரு, ஒரு ஆர்டர் முடிய அஞ்சு சர்வீஸைக் கூப்பிடணும், ஒவ்வொண்ணும் 99 சதவீத நேரம் ஓடுதுன்னா அஞ்சும் சேர்ந்து ஓடுறது 95 சதவீதம்தான், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆர்டர் எடுக்க முடியாது. உனக்கு வேண்டியது ஒரே டேட்டாபேஸ்ல ஒரு வரி டேபிள், முடிஞ்சா எல்லா வேலையையும் சேர்த்துப் பாக்குற ஒரே பெரிய சாஃப்ட்வேர், ஈஆர்பி.

கணக்குப்பிள்ளை_ஜோபர்க்:
அண்ணே அந்தம்மா எழுதினதை முழுசா படிங்க, அவங்க செத்துச்சுன்னு சொன்னது அந்தப் பேரைத்தான், சர்வீஸ் வேணும்னுதான் சொன்னாங்க.

டேபிள் விஷயத்துக்கு வர்றேன், நான் கணக்கு ஆளு, கோடு எழுதுறவ இல்ல. வரின்னா ஒரு நம்பர்னு நெனைக்கிறீங்க, அதுதான் எனக்கு மனசு பொறுக்கல. மளிகையில அரிசி, பருப்பு, பிரவுன் பிரெட்டுக்கு ஜீரோ, மசாலாத்தூளுக்கு 15. கேக் மாவு 2019 ஏப்ரல் 1 வரைக்கும் வரி உள்ளது, அன்னைலருந்து ஜீரோ. அந்த 2025 மாத்தத்துல டின் காய்கறியையும் ஜீரோல சேக்கறதா இருந்துச்சு, அதுவும் சேர்ந்து வாபஸ் ஆச்சு. இதுக்கெல்லாம் மேல, 2018 ஏப்ரல் 1ல 14 போய் 15 வந்துச்சுல்ல, மார்ச்ல 14 போட்டு வித்த சரக்கு மே மாசம் திரும்பி வந்தா பணத்தைத் திருப்பி வரவு வைக்கிற கிரெடிட் நோட்டை 14லதான் போடணும். அப்ப எங்க ஆபீஸ்ல 15 போட்டுட்டாங்க, அதைத் தேடிப் பிரிக்க ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு. டேபிள் குடுத்தா ஆறு சாஃப்ட்வேரும் அதை ஆறு விதமா படிக்கும். "இந்த சரக்கு, இந்தத் தேதியில வித்தது, வரி என்ன?"ன்னு கேட்டா ஒரே இடத்துல இருந்து ஒரே பதில் வரணும், அந்தப் பதிலுக்கு ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும். எனக்கு சர்வீஸ்னா அதுதான், பஸ்ஸு இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

ராத்திரிஷிப்ட்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா லோட் ஷெட்டிங்கை, அதான் முறை வச்சு கரண்டு நிறுத்துறதை, யாரும் பேசலையே. 2023ல ஸ்டேஜ் 6 ஓடினப்ப டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல ஒரு கடையில சர்வர் பாத்துக்கிட்டு இருந்தேன். கவுன்ட்டர்ல இன்வெர்ட்டர் இருக்கு பில் ஓடுது, கோடவுன் பக்கம் இருட்டு. கோடவுன் சர்வீஸ் பதில் சொல்லலைன்னு பில் மெஷின் திரும்பத் திரும்ப அனுப்புச்சு, கரண்டு வந்ததும் பாத்தா ஒரே பில்லுக்கு மூணு தடவை ஸ்டாக் கழிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் பில் நம்பரையே அடையாளமா வச்சோம், அதே நம்பர் மறுபடி வந்தா "இது ஏற்கனவே போட்டாச்சு"ன்னு மட்டும் பதில் வரும், கழிக்காது. நடுவுல ஒரு க்யூவும் வச்சோம், அனுப்புறதெல்லாம் அதுல வரிசையா நிக்கும், கோடவுன் எந்திரிச்சதும் வரிசையா எடுத்துக்கும். அண்ணன் சொன்ன 95 சதவீதக் கணக்கு, பதிலுக்கு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி கட்டினாத்தான் பொருந்தும், போட்டுட்டுப் போற மாதிரி கட்டினா அப்படி அடி வாங்காது.

கருப்புக்காப்பி:
வரி விஷயத்துல அம்மா சொன்னதை ஒத்துக்கிறேன், டேபிள்னு நான் சொன்னது பத்தாது, கிரெடிட் நோட்டை நான் யோசிக்கவே இல்ல.

ஆனா க்யூல போட்டா ஸ்டாக் என்ன ஆகும்? கோடவுன்ல கடைசி பத்து மூட்டை துவரம்பருப்பு இருக்கு, கவுன்ட்டர்லயும் வித்தாச்சு, ஆன்லைன்லயும் வித்தாச்சு, ரெண்டும் க்யூல நிக்குது. ஒரே டேட்டாபேஸா இருந்தா ரெண்டாவது ஆளுக்கு அங்கயே இல்லன்னு சொல்லிடும். பிரிச்சு வச்சா பணம் வாங்கினப்புறம் இல்லன்னு சொல்லணும். தீபாவளி வாரத்துல அந்த போனை நீ பண்ணுவியா தம்பி? அதனால ஸ்டாக்கையும் பில்லையும் பிரிக்காதன்னுதான் இப்பவும் சொல்றேன்.

மசாலாமூட்டை:
நாள் பூரா இதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஆறையும் நேருக்கு நேர் கோத்தா 15 இணைப்பு, ஏழாவது வந்தா 21, அதுக்கு பயந்துதான் ஈஎஸ்பின்னு ஓடினேன். ஆனா உக்காந்து எழுதிப் பாத்தா நெஜமா ஒண்ணோட ஒண்ணு பேச வேண்டியது ஏழு இடத்துலதான், சம்பளத்துக்கு கணக்கைத் தவிர யார்கிட்டயும் வேலை இல்ல. பஸ் வாங்கல. வரியை மட்டும் தேதி கேட்டுப் பதில் சொல்ற சர்வீஸா முதல்ல போடுறேன், ஒவ்வொரு கவுன்ட்டரும் காலைல அன்னைய விகிதத்தையெல்லாம் வாங்கி தன்கிட்ட வச்சுக்கும், சர்வீஸ் படுத்தாலும் பில் நிக்காது.

கணக்குப்பிள்ளை_ஜோபர்க்:
கட்டினதும் 2018 மார்ச் 31, ஏப்ரல் 1 ரெண்டு தேதியும் குடுத்துப் பாருங்க தம்பி, கேக் மாவுக்கு 2019லயும் அதே மாதிரி. விதியை எழுதித் தரச்சொல்லி உங்க கணக்காளர்கிட்டயே கேளுங்க, நீங்களா ஊகிக்காதீங்க.

ராத்திரிஷிப்ட்:
ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்குறப்ப அந்த சர்வரோட ஒயரைப் புடுங்கிப் பாருங்க. கவுன்ட்டர்ல யாரும் உங்களைத் தேடி வரலைன்னா சரியா கட்டியிருக்கீங்க.

கருப்புக்காப்பி:
புடுங்குறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட சொல்லிடு தம்பி. ஸ்டாக் பத்தி நான் சொன்னதுல மாத்தமில்ல, அதைத் தொடப்போறப்ப இங்க வந்து எழுது, அதுக்கு இன்னொரு நாள் சண்டை போடுவோம்.